பிலிப்பைன்ஸ் பெண்ணுடன் அவர்கள் ஊரிலேயே கல்யாணம், பெண் வீட்டார் கத்தோலிக்கர். அந்த நாட்டு மரபு தெரியும்படி நேர்த்தியான இடத்தை எப்படித் தேர்ந்தெடுப்பது?

மண்டபத்தை அப்புறம் பார்க்கலாம், முதலில் எந்த சர்ச் என்று முடிவு செய்யுங்கள். பெண் வீட்டார் கத்தோலிக்கர் என்று கேள்வியில் எழுதியிருக்கிறீர்கள். தோட்டத்திலோ கடற்கரையிலோ பந்தல் போட்டு, பாதிரியாரை அங்கேயே வரவழைத்து முடித்துவிடலாம் என்று கணக்குப் போடாதீர்கள். மறைமாவட்டங்கள் பெரும்பாலும் அதற்கு அனுமதி தருவதில்லை, திருப்பலி என்ற கல்யாணப் பூசை சர்ச்சுக்குள்தான். நீங்கள் தேடும் இடம் வரவேற்புக்கும் விருந்துக்கும் மட்டுமே. இரண்டுக்கும் நடுவில் மணிலா டிராஃபிக் புகுந்தால் விருந்தாளிகளில் பாதிப் பேர் நேராகச் சாப்பாட்டுக்குத்தான் வருவார்கள்.

மணிலாவை ஒட்டிய மக்காத்தியில் வேலை பார்ப்பதால் அலுவலக நண்பர்கள் கல்யாணம் என்று நிறையப் போயிருக்கிறேன். என் ஓட்டு இன்ட்ராமுரோஸுக்குத்தான். மணிலாவுக்குள் ஸ்பானியர் கட்டிய கோட்டை நகரம் அது. அங்குள்ள சான் அகஸ்டின் சர்ச் 1607-இல் கட்டி முடித்தது. 1993-இல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறியது. 1945 போரில் கோட்டைக்குள் இருந்த ஏழு சர்ச்சுகளில் தப்பித்தது இது ஒன்றுதான். உள்ளே போய் மேலே பாருங்கள். கூரை முழுக்கச் செதுக்கு வேலை செய்தது போலத் தெரியும். எல்லாமே 1875 வாக்கில் இத்தாலிய ஓவியர்கள் இருவர் தீட்டிய வண்ணம். எதிர்ச்சாரியில் காசா மணிலா. 1850களின் பணக்கார வீடு எப்படி இருந்திருக்குமோ அதே வார்ப்பில் 1980களில் எழுப்பியது. அதன் கல் பாவிய முற்றத்தில் வரவேற்பு நடத்துவார்கள். கூட்டம் பெரிதானால் கோட்டைச் சுவரை ஒட்டிய புவெர்தா ரியால் தோட்டம், பலுவார்தே டி சான் டியேகோ தோட்டம் என்று வாடகைக்கு விடும் இடங்கள் பக்கத்திலேயே உண்டு. சர்ச்சிலிருந்து மணப்பெண் கவுனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நடந்தே வந்துவிடலாம்.

இனி 'பிலிப்பைன்ஸ் பாணி' விஷயம். ஹோட்டல் ஹாலில் கிளிஞ்சல் விளக்கு நாலு தொங்கவிட்டு, பிரம்பு நாற்காலி போட்டு, அதற்கு ஒரு தனி பேக்கேஜ் விலையும் சொல்வார்கள். ஏசியை நிறுத்தினால் அந்தப் பாணி அத்தோடு காலி. நிஜமான பழைய வீட்டை, அங்கே பாஹாய் நா பாதோ என்பார்கள், காற்றுக்காகவே கட்டியிருப்பார்கள். கீழ்த்தளம் கல், மேல்தளம் மரம். நிலநடுக்க நாடு என்பதால் கூரையின் பாரத்தைத் தாங்குவது மரத்தூண்கள். கல் சுவர் சுற்றி நிற்கும் போர்வை மட்டும்தான். மாடி நெடுக நகர்த்தித் திறக்கும் ஜன்னல்கள். மரச்சட்டத்தில் உள்ளங்கை அகலத்துக்குச் சின்னச் சின்னக் கட்டங்கள், ஒவ்வொன்றிலும் கண்ணாடிக்குப் பதில் காப்பிஸ் என்ற மெல்லிய சிப்பி ஓடு. மத்தியான வெயில் அதன் வழியே பால் கலந்தது போல இறங்கும். போட்டோகிராபருக்கு லைட்டே வேண்டாம். (இதே சிப்பியைத் திருகோணமலைப் பக்கம் தம்பலகாமக் குடாவில் முத்துக்காக எடுத்திருக்கிறார்கள்.) ஜன்னலுக்குக் கீழே தரையை ஒட்டி வென்டானிலா என்று இன்னொரு சின்னத் திறப்பு, மேலே அறைக்கும் அறைக்கும் நடுவே பூவேலை செதுக்கிய மரச் சல்லடை. மழை வந்து பெரிய ஜன்னலை இழுத்து மூடினாலும் கீழ் வழியாகக் காற்று வந்துகொண்டே இருக்கும். இடம் பார்க்கப் போகும்போது அந்த வென்டானிலா திறக்கிறதா, ஆணியடித்து மூடியிருக்கிறதா என்று குனிந்து பாருங்கள். நான் அதை வைத்துத்தான் ஒரு இடத்தை எடை போடுவேன்.

பணமும் நேரமும் இருந்தால் பாட்டான் மாகாணத்தில் பகாக் ஊரில் உள்ள லாஸ் காசாஸ் ஃபிலிப்பினாஸ் டி அகுசார். மணிலாவிலிருந்து காரில் மூன்று மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். பல ஊர்களின் பழைய வீடுகளைப் பலகை பலகையாக எண் போட்டுப் பிரித்து, கடலோரத்தில் கொண்டுவந்து திரும்பக் கோத்திருக்கிறார்கள், 2010-இல் திறந்தது. அங்கேயே தேவாலயம் இருக்கிறது, உறவினர் தங்க அந்த வீடுகளிலேயே அறைகளும் உண்டு. ஊரிலிருந்து வரும் அத்தை, சித்தப்பா கூட்டத்துக்கு அது பெரிய சௌகரியம். மரபுச் சின்னங்களில் அக்கறை உள்ளவர்கள், பிறந்த மண்ணிலிருந்து வீட்டைப் பெயர்த்தால் அது வெறும் செட் என்று திட்டுகிறார்கள். எனக்கும் அந்த உறுத்தல் உண்டு. ஆனால் இங்கே கொண்டுவந்த வீடுகளில் ஒன்றான காசா பிசன்தினா, மணிலாவின் பினோந்தோவில் 1890-இல் கட்டியது, கடைசிக் காலத்தில் ஏகப்பட்ட குடும்பங்கள் ஒண்டிக் கிடந்த வீடு. அங்கேயே விட்டிருந்தால் இன்றைக்கு அந்த இடத்தில் ஒரு கான்கிரீட் பெட்டிதான் நின்றிருக்கும்.

எந்த இடமானாலும் சில விஷயங்களை முன்கூட்டியே பேசிவிடுங்கள். நினோங், நினாங் என்று கல்யாணத்துக்கு ஞானப் பெற்றோர் ஜோடி ஜோடியாக வருவார்கள். விருந்திலும் அவர்களுக்கு முன்வரிசை. அந்த மேஜைகளைக் கடைசியில் யோசித்தால் மாமனார் முகம் மாறும். மணமக்கள் ஆடும்போது உடையில் பண நோட்டு குத்தும் நடனத்துக்கு நடுவில் இடம் விட வேண்டும். முழுப் பன்றி வாட்டிய லெச்சோனை வெளியிலிருந்து கொண்டுவந்தால் அதற்குத் தனிக் கட்டணம் கேட்கும் இடங்கள் நிறைய, எழுத்தில் வாங்குங்கள். ஜூன் முதல் அக்டோபர் வரை மழை. திறந்த முற்றம் என்றால் டிசம்பர் முதல் பிப்ரவரிக்குள் பாருங்கள். மழை வராமலிருக்கப் புனித கிளாரா மடத்துக்கு முட்டை கொண்டுபோய்க் கொடுக்கும் வழக்கம் அங்கே உண்டு. நீங்களும் கொடுங்கள், கூடவே கூடாரத்துக்கும் சொல்லி வையுங்கள்.

உங்கள் பக்கத்தில் சைவம் சாப்பிடுபவர்கள் இருந்தால் கேட்டரரிடம் 'காய்கறி' என்று மட்டும் சொல்லி விட்டுவிடாதீர்கள். பார்க்கக் கூட்டு மாதிரியே இருக்கும் பினாக்பெட்டில் இறால் விழுது இருக்கும். மற்றவற்றில் பலதில் மீன் சாஸ். எது எது கூடாது என்று பெயர் சொல்லிப் பட்டியல் கொடுத்து, ருசி பார்க்கும் நாளன்று நீங்களே போய்ச் சாப்பிட்டுப் பாருங்கள்.

உடைக்குக் கவலை வேண்டாம், பாரோங் என்ற அவர்களுடைய மெல்லிய முழுக்கைச் சட்டை உங்களுக்கு எடுப்பாகவே இருக்கும். அக்லான் மாகாணத்தில் அன்னாசி நாரில் கையால் நெய்த பின்யா துணி கிடைத்தால் விலை பார்க்காமல் வாங்குங்கள். சட்டையை உள்ளே செருகக் கூடாது.

அட்வான்ஸ் கட்டுமுன் பெண்ணின் அம்மாவிடம் ஒன்று கேளுங்கள்: அதே வருஷத்தில் அவர்கள் வீட்டில் வேறு யாருக்காவது கல்யாணமா? உடன்பிறந்தவர்கள் ஒரே ஆண்டில் மணம் முடித்தால் ஆகாது என்று நம்பும் குடும்பங்கள் இன்னும் இருக்கின்றன. தேதி மாறினால் நீங்கள் கட்டிய முன்பணம் பெரும்பாலும் திரும்ப வராது.