ஜீப்புல என்னென்ன ஸ்பேர் வச்சிருக்கணும்? கேளுங்க, சொல்றேன்

கேள்வி (திருமங்கலம்): அண்ணே, புதுசா மஹிந்திரா தார் ஃபோர் பை ஃபோர் (நாலு வீலும் இழுக்குற வண்டி) டீசல் எடுத்திருக்கேன். பின்னாடி என்னென்ன போட்டு வைக்கணும்?

பதில்: தம்பி, மொதல்ல பஞ்சர் கிட்டும் 12 வோல்ட் கம்ப்ரஸரும் வாங்கு, மத்ததெல்லாம் அப்புறம். நம்ம பக்கம் கம்மாக்கரைல எங்க இறக்குனாலும் சீமக்கருவேல முள்ளுதான், ஒரே நாள்ல ரெண்டு டயர்ல ஏறிருச்சுன்னா ஒத்த ஸ்டெப்னிய வச்சு என்ன பண்ணுவ? முள்ளு தரைல படுற பக்கம் ஏறியிருந்தா நீயே பஞ்சர் கிட்டுல இருக்க ரப்பர் ஸ்ட்ரிப்ப சொருகிக்கலாம், டயரோட பக்கவாட்டுல (சைடுவால்) ஏறியிருந்தா சொருகாத, ஸ்டெப்னிய மாட்டு. அப்புறம் பெல்ட், ரேடியேட்டர் ஹோஸ், கிளிப்பு, டீசல் ஃபில்டர், ஃபியூஸ், கொஞ்சம் எஞ்சின் ஆயில், கூலன்ட், அவ்ளோதான். ரோட்டோரம் நின்னு நம்ம கையால மாட்ட முடியிற சாமான் போதும். கிளட்ச் பிளேட்டையெல்லாம் தூக்கிட்டு அலையிறாங்க, காட்டுக்குள்ள கியர்பாக்ஸ யாரு இறக்கப்போறா?

கேள்வி (கள்ளிக்குடி): மழை பேஞ்சா எங்க கரிசக்காட்டுல நாலு வீலும் போட்டும் சறுக்குதுண்ணே, வின்ச் (கம்பிக் கயித்த சுத்தி வண்டிய இழுக்குற மோட்டார்) மாட்டலாமா?

பதில்: கரிசல் மண்ணு டயர் பட்டனுக்குள்ள அப்பிருச்சுன்னா நாலு வீல் சுத்துனாலும் மொட்டை டயர் மாதிரிதான்ப்பா, வண்டியக் குறை சொல்லாத. பட்டனுக்கு நடுவுல இடைவெளி அதிகமா இருக்க மட் டயர் போடு, காத்த 20 பிஎஸ்ஐ வரைக்கும் இறக்கிட்டு மெதுவா போ, தார் ரோடு வந்ததும் திரும்ப ஏத்திரு. வின்ச்சுன்னா வண்டியோட மொத்த எடையில ஒன்றரை மடங்கு இழுக்குறதா வாங்கணும், காசும் ஆகும், ஆனா அத எதுல கட்டுவ, உங்க காட்டுல மரம் எங்க இருக்கு? அதுக்குப் பதிலா கைனட்டிக் கயிறு (இழுத்தா ரப்பர் மாதிரி நீளுற கயிறு) ஒண்ணு, கயித்த மாட்டுற இரும்பு வளையம், அதான் ஷேக்கிள், ரெண்டு வாங்கி வையி, கூட வர்ற வண்டி இழுத்துரும். ஒரு விஷயம், ட்ரெய்லர் மாட்டுற உருண்டைல மட்டும் கயித்த மாட்டிராத, அது தெறிச்சு வந்து ஆளக் கொன்னுரும், சேஸிஸ்ல இருக்க கொக்கில மாட்டு.

கேள்வி (போடி): பழைய மஹிந்திரா மேஜர் ஜீப்பு, எஸ்டேட்டுக்கு ஓடுது. வீலுக்கு இழுவையக் கொண்டு போற ஷாஃப்ட்டோட மூட்டு, அந்த யூஜே கிராஸ் வழியிலயே போச்சுன்னா?

பதில்: உங்களுக்குத் தெரியாததா அண்ணாச்சி! கிராஸும் அதப் பிடிக்கிற சர்கிளிப்பும் செட்டா ஒண்ணு கெடக்கட்டும், சுத்தியலும் சாக்கெட்டும் இருந்தா அங்கயே மாத்திரலாம். கையில இல்லாம பின்னாடி கிராஸ் போச்சுன்னா அந்த ஷாஃப்ட்டக் கழட்டி வண்டில போட்டுட்டு, உங்க வண்டி ஃபோர் வீல்னா, முன் வீல் நடுவுல இருக்க ஹப்ப லாக் பண்ணி ஃபோர் வீல் போட்டா முன் வீல் இழுத்துட்டு வந்துரும், பையப் பைய வாங்க.

கேள்வி (மதுரை அண்ணாநகர்): சார், முன்னாடி புல் பார் (பம்பர் மேல மாட்டுற இரும்புக் கம்பி) போடலாமா?

பதில்: வேண்டாம் சார். மோட்டார் வாகனச் சட்டம் 52ஆவது பிரிவுப்படி அது தப்புன்னு 2017 டிசம்பர்லயே மத்திய அரசு சொல்லிருச்சு.

கேள்வி (மேலூர்): மாருதி ஜிப்ஸி வச்சிருக்கேண்ணே, கம்பெனில நிறுத்திட்டாங்க. ஸ்பேர மொத்தமா வாங்கி அடுக்கிறவா?

பதில்: இரும்பு சாமான் நல்லது கண்ணுல பட்டா வாங்கிப் போடு, கிரீஸ் தடவி சுத்தி வச்சா கெடக்கும். ரப்பர் சாமான அடுக்காத, நம்மூரு வெயிலுக்கு பெல்ட்டு, ஹோஸு, புஷ்ஷெல்லாம் ஷெல்ஃப்லயே வெடிச்சுரும். பிரேக் ஆயிலும் அப்படித்தான், மூடி தொறந்த டப்பா காத்துல இருக்க ஈரத்த இழுத்துக்கும், மிச்சத்த வைக்காத. கிளட்ச் கேபிள் ஒண்ணு வண்டிலயே கெடக்கட்டும். கடைக்குப் போறப்ப பழசக் கையோட கொண்டு போ, கார்புரேட்டர் வண்டியா, இன்ஜெக்டர் வச்சு பெட்ரோல் அடிக்கிற எம்பிஎஃப்ஐயான்னும் சொல்லு, இல்லன்னா வேறத கட்டிக் குடுத்துருவாங்க.