கல்வெட்டுப் பஞ்சமும் துருவப் பனியும்

கும்பகோணம் வாசகர் ஒருவரின் கேள்வி: “சோழர் காலக் கல்வெட்டுகளில் ‘காலம் பொல்லாததாய்’ நிலத்தை விற்ற செய்தி வருகிறது. அந்தப் பஞ்சத்துக்கு எங்கோ வெடித்த எரிமலை காரணமா என்று பனிப் பதிவை வைத்துச் சொல்ல முடியுமா?”

எரிமலை வெடித்த ஆண்டைப் பனி சொல்லும். பஞ்சத்தோடு அதை முடிச்சுப் போடும்போதுதான் பலரும் சறுக்குகிறார்கள்.

வாய்க்கால் தூர்வாரும்போது கரையை நேராக வெட்டினால் வண்டல் பட்டை பட்டையாகத் தெரியும். கிரீன்லாந்திலும் அண்டார்டிகாவிலும் பனி அப்படித்தான் ஆண்டுக்கொரு பட்டையாகப் படிகிறது. எரிமலை மேல்வளிக்கு ஏற்றும் கந்தக வாயு அமிலத் துளிகளாகி, ஒன்றிரண்டு ஆண்டுகளில் அங்கே இறங்கிவிடும். துளையிட்டு எடுத்த பனித்தண்டைச் சூடான தட்டில் நிறுத்தி அடியிலிருந்து உருக்குவார்கள். வெளிப்பக்கம் வழியும் நீரில் துளைக்கருவியின் அழுக்கு கலந்திருக்கும், அதைத் தள்ளிவிட்டு நடுப்பகுதி நீரில் மட்டும் சல்பேட்டையும் சோடியத்தையும் அளப்பார்கள்.

இப்படி அளந்த பதிவுகள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. அளவை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். கடல் உப்பிலும் சல்பேட் உண்டு. சோடியத்தின் எடையில் கால் பங்கை (0.25) சல்பேட்டிலிருந்து கழியுங்கள். கடல் நுண்பாசியிலிருந்து வருவது அதன் பிறகும் மிஞ்சும். அதற்கு 31 ஆண்டு நகரும் இடைநிலை அளவை, அதாவது ஒவ்வோர் ஆண்டையும் சுற்றியுள்ள 31 ஆண்டுகளின் நடு மதிப்பைப் போட்டு, அதைவிடத் தெளிவாக எழும்பும் சல்பேட் முகடுகளை மட்டும் கணக்கில் வையுங்கள். எந்தப் பதிவானாலும் முதலில் 1809, 1815 இரட்டை முகடுகளைத் தேடுங்கள். இரண்டாவது இந்தோனேசியாவின் தம்போரா எரிமலை, முதலாவது எந்த மலை என்பது இன்னும் பிடிபடவில்லை. இந்த இரண்டும் இடம் மாறியிருந்தால் அந்தப் பதிவின் ஆண்டுக் கணக்கை நம்பாதீர்கள்.

இரு துருவத்திலும் முகடு இருந்தால் பெரும்பாலும் வெப்பமண்டல எரிமலை. கிரீன்லாந்தில் மட்டும் என்றால் 1783 லாக்கி போல ஐஸ்லாந்தாக இருக்கலாம். அண்டார்டிகாவின் உள்பகுதியில் சில இடங்களில் ஆண்டுக்கு 3 செ.மீ. பனிகூடச் சேர்வதில்லை, அங்கே பட்டை எண்ணவே முடியாது. கிரீன்லாந்தின் உச்சியில் 20 செ.மீ.க்கு மேல் சேரும் என்பதால் ஆண்டை எண்ண அந்தப் பதிவே உங்களுக்கு உதவும்.

இனி கல்வெட்டுப் பக்கம். இந்தோனேசியாவின் லொம்போக் தீவிலுள்ள சமலாஸ் எரிமலை 1257-இல் வெடித்தது, கடந்த 2000 ஆண்டுகளின் மிகப் பெரிய சல்பேட் முகடுகளில் ஒன்று. சோழ மன்னன் மூன்றாம் இராஜேந்திரன் 1246-இல் பட்டமேறினான் என்று கொண்டால் அவனது 12, 13-ஆம் ஆட்சியாண்டுகளைப் பார்க்க வேண்டும். ஆட்சியாண்டு மட்டும் கொண்டு நிற்காதீர்கள். திதி, நட்சத்திரம், கிழமை மூன்றும் கல்லில் இருந்தால் நாளையே கணித்துவிடலாம். இல்லையென்றால் ஓராண்டு முன்பின் ஆகும்.

பெரிய ஆபத்து தற்செயல் பொருத்தம். 2015-இல் வெளியான ஒரு பட்டியலில் 2500 ஆண்டுகளுக்கு 283 வெடிப்புகள் உள்ளன, ஒன்பது ஆண்டுக்கு ஒன்று. இரண்டாண்டு முன்பின் இடம் கொடுத்தால், எந்தப் பஞ்சத்துக்கும் ஏறக்குறைய பாதிக்குப் பாதி வாய்ப்பில் ஒரு எரிமலை கிடைத்துவிடும்! அதனால் இரு துருவத்திலும் பதிந்த பெரிய வெடிப்புகளை மட்டும் முன்கூட்டியே குறித்து வைத்துக்கொண்டு, பிறகு கல்வெட்டுகளைத் திறவுங்கள். வெடிப்புக்குப் பின் பஞ்சம் பேசாத ஆண்டுகளையும் எழுதி வையுங்கள். பெருவெடிப்பு தென்மேற்குப் பருவமழையைத் தளர்த்தக்கூடும். குடகில் மழை குறைந்தால் காவிரியில் தண்ணீர் குறையும். ஆனால் பசிபிக் கடல் சூடேறும் எல் நினோவும் அதையே செய்யும். கரை உடைந்த வெள்ளமும் போரும்கூட நிலத்தை விற்க வைத்திருக்கின்றன. கல்வெட்டு மழை பொய்த்தது என்கிறதா, வெறுமனே காலம் பொல்லாதது என்கிறதா என்பதைத் தனியே குறியுங்கள்.