2010இல் ஐஸ்லாந்தில் எரிமலை வெடித்ததைத் தவிர வேறென்ன நடந்தது?

எய்யஃப்யாட்லயோகுட்ல் சிகரம் வெடித்தது ஏப்ரல் 14 அன்று. அந்த ஆண்டின் பெரிய நிகழ்வு என்று நான் சொல்வது அதற்கு இரண்டு நாள் முன்பு வெளிவந்த, வங்கிகள் கவிழ்ந்தது பற்றிய விசாரணை அறிக்கையைத்தான். சாம்பல் புகையில் அந்தச் செய்தி வெளியுலகின் கண்ணில் படாமலே போய்விட்டது.

2008 அக்டோபரில் கிளிட்னிர், லான்ட்ஸ்பாங்கி, கௌப்திங் என்ற மூன்று பெரிய வங்கிகளும் சில நாட்களுக்குள் கவிழ்ந்தன. ஏன் என்று ஆராய நாடாளுமன்றம் அமைத்த குழு ஒன்பது தொகுதிகள் எழுதியது. வங்கிகள் தங்கள் பெரும் பங்குதாரர்களுக்கே அளவு மீறிக் கடன் கொடுத்திருந்தன. பல கடன்களுக்கு வங்கிப் பங்குகளே ஈடு. பங்கு விலை சரிந்ததும் ஈட்டுக்கு மதிப்பில்லை. ரெய்க்யவிக் நகர நாடக அரங்கில் நடிகர்கள் முறை வைத்து, இரவு பகலாக அந்த அறிக்கை முழுவதையும் உரக்க வாசித்தார்கள். ஒரு விசாரணை அறிக்கைக்கு இப்படியொரு மரியாதை வேறெங்கும் கிடைத்ததாக நான் அறியேன். செப்டம்பர் 28 அன்று, வங்கிகள் கவிழ்ந்தபோது பிரதமராக இருந்த கெய்ர் ஹார்டே மீது வழக்குத் தொடர நாடாளுமன்றம் 33க்கு 30 என்ற வாக்கில் முடிவெடுத்தது.

மார்ச் 6 அன்று நடந்த ஐஸ்சேவ் வாக்கெடுப்பில் மக்கள் பணத்தையே தர மறுத்ததாகப் பலரும் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். ஐஸ்சேவ் என்பது பிரிட்டனிலும் நெதர்லாந்திலும் லான்ட்ஸ்பாங்கி நடத்திய இணையச் சேமிப்புக் கணக்கு. அந்த அரசுகள் தம் மக்களுக்குப் பணத்தைக் கொடுத்துவிட்டு, சுமார் 380 கோடி யூரோவை ஐஸ்லாந்திடம் கேட்டன. வட்டி 5.55 சதவீதம். இதற்கு ஒப்புக்கொள்ளும் சட்டத்தில் கையெழுத்திட அதிபர் ஓலாவுர் ரக்னார் கிரிம்சன் ஜனவரி 5 அன்று மறுத்தார். அதிபர் மறுத்தால் மக்களிடம் போயாக வேண்டும் என்பது அரசியல் சட்டம். 93 சதவீதம் பேர் வேண்டாம் என்றார்கள். வாக்கெடுப்பு நடப்பதற்கு முன்பே இதைவிடச் சலுகையான நிபந்தனைகள் பேச்சில் வந்துவிட்டன, அதனால் பழைய ஒப்பந்தத்தை ஆதரிக்க யாருக்கும் காரணமில்லை. மக்கள் நிராகரித்தது அந்தப் பழைய ஒப்பந்தத்தின் நிபந்தனைகளை.

எரிமலையைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். சிகரத்துப் பனி உருகி மார்க்கார்ஃப்ளியோட் ஆற்றில் வெள்ளம் பாய்ந்தபோது, பாலத்தைக் காப்பாற்ற ஊழியர்கள் நாட்டின் முதன்மைச் சாலையையே இயந்திரம் வைத்து வெட்டி நீருக்கு வழிவிட்டார்கள். வெட்டிய இடத்தில் மறுபடி மண்ணைக் கொட்டிவிடலாம், பாலம் போனால் அவ்வளவு எளிதில் வராது. பாலம் நின்றது.