பையனை கம்யூனிட்டி காலேஜில் சேர்க்கலாமா? சன்னிவேல் அம்மாவுக்கு ஒரு பதில்

யூசி (கலிபோர்னியா பல்கலைக்கழகம்) வளாகங்கள் எதிலும் மகனுக்குக் கம்ப்யூட்டர் சயின்ஸ் கிடைக்கவில்லை, வெளிமாநிலத் தனியார் பல்கலைக்கழகம் ஒன்று இடம் கொடுத்திருக்கிறது, உதவித்தொகை போகவும் வருடம் 70,000 டாலர் ஆகும், இல்லையென்றால் வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் டி ஆன்சாதான், அதாவது இரண்டு வருடப் படிப்பு தரும் அரசு கம்யூனிட்டி காலேஜ், என்று எழுதியிருந்தீர்கள். "கம்யூனிட்டி காலேஜில் படித்தவனுக்கு யார் வேலை கொடுப்பார்கள்?" என்று உங்கள் கணவர் கேட்பதாகவும் சொன்னீர்கள். அவர் கேள்வி நியாயமானது. முதலில் அதற்கே வருகிறேன்.

இரண்டு வருட அசோசியேட் பட்டத்தோடு நின்றுவிட்டால் பெரும்பாலும் கிடைப்பது ஹெல்ப் டெஸ்க், கம்ப்யூட்டர் சப்போர்ட் மாதிரியான வேலைகள். அமெரிக்கத் தொழிலாளர் புள்ளிவிவரத் துறையின் கணக்கில் அந்த வேலைகளின் இடைநிலைச் சம்பளம் ஆண்டுக்கு ஏறக்குறைய 60,000 டாலர். சாஃப்ட்வேர் டெவலப்பருக்கு 2024 மே மாதக் கணக்குப்படி 1,33,080 டாலர், ஆனால் அதற்கு வழக்கமாகக் கேட்கப்படுவது நான்கு வருடப் பட்டம். அந்த 1,33,080-ல் பதினைந்து வருட அனுபவம் உள்ளவர்களும் அடக்கம், அதை உங்கள் மகனின் முதல் சம்பளமாக நினைத்துவிடாதீர்கள். ஆகவே டி ஆன்சாவை நான்கு வருடப் படிப்பின் முதல் பாதியாக மட்டும் பாருங்கள். மூன்றாம் வருடத்தில் அவன் ஒரு பல்கலைக்கழகத்துக்கு மாறுவான், இறுதியில் பட்டம் கொடுப்பது அந்தப் பல்கலைக்கழகம்தான்.

சரி, செலவு. கலிபோர்னியாவில் வசிப்பவர்களுக்கு கம்யூனிட்டி காலேஜ் கட்டணம் செமஸ்டர் யூனிட்டுக்கு 46 டாலர். டி ஆன்சா குவார்ட்டர் முறையில், அதாவது செமஸ்டரைவிடச் சிறிய பருவங்களாக, நடப்பதால் அங்கே யூனிட்டுக்கு 31. தேவையான 90 குவார்ட்டர் யூனிட்டுக்கும் சேர்த்து 2,790 டாலர்தான் வருகிறது, மற்ற சில்லறைக் கட்டணங்களும் புத்தகமும் தனி. முதல்முறை சேரும் முழுநேர மாணவர்களுக்கு இரண்டு வருடக் கட்டணத்தையே தள்ளுபடி செய்யும் திட்டமும் பல கல்லூரிகளில் உண்டு, கேட்டுப் பாருங்கள். வீட்டில் இருந்தே போய் வருவான். அப்புறம் இரண்டு வருடம் யூசி, தங்குமிடம் சாப்பாடு எல்லாம் சேர்த்து வருடம் 40,000 டாலருக்கு மேல் என்று வைத்துக்கொண்டாலும் மொத்தம் ஒரு லட்சம் டாலருக்குள் முடிக்கலாம். தனியாரில் நான்கு வருடத்துக்கு 2,80,000. யூசிக்குப் பதில் பக்கத்தில் இருக்கும் சான் ஹோசே ஸ்டேட் பல்கலைக்கழகத்துக்கு மாறினால் கடைசி வரை வீட்டுச் சாப்பாடுதான், செலவு இன்னும் பாதிக்கும் கீழே போகும்.

இந்தக் கணக்கு கெடுவது ஒரே இடத்தில்தான், காலத்தில். நாடு முழுவதும் பார்த்தால் கம்யூனிட்டி காலேஜில் சேர்பவர்களில் மூன்றில் ஒருவர்தான் நான்கு வருடக் கல்லூரிக்கு மாறுகிறார், ஆறு வருடத்துக்குள் இளங்கலை முடிப்பவர்கள் நூற்றுக்கு 16 பேர் என்கிறது 2024-ல் வந்த ஆய்வு. அதில் வேலை பார்த்துக்கொண்டே படிப்பவர்களும் உண்டு, உங்கள் மகன் நிலைமை வேறு, இருந்தாலும் இந்த எண்ணை அலட்சியம் செய்ய வேண்டாம். படிப்பு ஒரு வருடம் இழுத்தால் ஒரு வருடச் சம்பளம் போகிறது. முதல் சம்பளம் 80,000 என்று வைத்தால், டி ஆன்சாவில் மிச்சம் பிடித்ததில் ஒரு பெரிய பங்கு அதிலேயே கரைந்துவிடும்.

எதனால் இழுக்கிறது? கணக்குப் பாடத்தால். டி ஆன்சாவில் கால்குலஸ் மட்டும் நான்கு குவார்ட்டர். அதோடு லீனியர் ஆல்ஜீப்ரா, டிஸ்க்ரீட் மேத்ஸ், பல இடங்களுக்கு ஃபிசிக்ஸ், இந்தப் பக்கம் சி பிளஸ் பிளஸ்ஸில் தொடங்கி டேட்டா ஸ்ட்ரக்சர்ஸ் வரை ஒன்றை முடித்தால்தான் அடுத்தது. இரண்டாம் வருட நவம்பர் முடிவதற்குள் யூசிக்கு விண்ணப்பம் போயாக வேண்டும், அடுத்த வசந்த காலத்துக்குள் இந்தப் பாடங்கள் எல்லாம் முடிந்திருக்க வேண்டும். முதல் குவார்ட்டரிலேயே கால்குலஸ் எடுக்காதவன் கோடை விடுமுறையில் படித்துத்தான் ஈடு கட்ட முடியும். ஏபி கால்குலஸில் (பள்ளியிலேயே எழுதும் கல்லூரித் தரத் தேர்வு) நல்ல மதிப்பெண் இருந்தால் அது பெரிய லாபம். எந்தப் பாடம் எந்த வளாகத்தில் செல்லும் என்பது அசிஸ்ட் டாட் ஆர்க் தளத்தில் இருக்கிறது, சேருவதற்கு முன்பே அவனை உட்கார்ந்து பார்க்கச் சொல்லுங்கள்.

குறிப்பிட்ட பாடங்களையும் மதிப்பெண்ணையும் எட்டினால் இடம் நிச்சயம் என்னும் யூசியின் டிரான்ஸ்ஃபர் உத்தரவாதத்தை நம்பி இருந்துவிடாதீர்கள். டேவிஸ், இர்வைன் உட்பட ஆறு வளாகங்கள்தான் அதைத் தருகின்றன. பெர்க்லி, லாஸ் ஏஞ்சலஸ், சான் டியாகோ தருவதில்லை. தரும் ஆறிலும் எல்லா இடத்திலும் கம்ப்யூட்டர் சயின்ஸ் அதில் வராது.

எனக்கு உண்மையிலேயே கவலை தருவது இன்டர்ன்ஷிப். மூன்றாம் வருடம் மாறி வருபவனுக்குப் புது வளாகத்தில் ஒரே ஒரு கோடைதான் கிடைக்கும். நியூயார்க் ஃபெடரல் ரிசர்வ் 2025-ல் வெளியிட்ட கணக்கில் புதிதாகப் பட்டம் பெற்ற கம்ப்யூட்டர் சயின்ஸ்காரர்களில் 6.1 சதவீதம் பேர் வேலையில்லாமல் இருந்தார்கள், தனியாரில் 2,80,000 கொட்டிப் படித்தவர்களும் இதே சந்தைக்குத்தான் வருகிறார்கள். டி ஆன்சாவில் இருக்கும்போதே அவன் இன்டர்ன்ஷிப்புக்கு விண்ணப்பிக்கத் தொடங்கட்டும், காட்டுவதற்கு ஒன்றிரண்டு ப்ராஜெக்ட் கையில் இருக்கட்டும்.

விசா பற்றி நீங்கள் எழுதவில்லை. அவன் எச்-4 விசாவில் (எச்-1பி விசாவில் வேலை பார்ப்பவரின் குடும்பத்துக்குத் தருவது) இருந்தால் வேலை பார்க்க முடியாது, மத்திய அரசின் கல்வி உதவியும் கிடையாது, 21 வயதில் அந்த விசாவும் முடியும். அப்படியென்றால் குடியேற்ற வழக்கறிஞரை இப்போதே பாருங்கள்.

என் முடிவு கேட்டால், தனியாரின் அந்தப் பெரிய செலவு வேண்டாம், டி ஆன்சா போகட்டும். அவனுடைய ஏபி மதிப்பெண்களை அனுப்புங்கள், முதல் குவார்ட்டரில் எந்தக் கணக்குப் பாடம் எடுப்பது என்பதை அவனையும் வைத்துக்கொண்டே பேசிவிடலாம்.