'இறக்கினோம்' என்று எழுதியிருக்கிறீர்களே, இறக்கியது யார்?

கேள்வி: எங்கள் கூடைப்பந்துக் கழகத்துக்கு இது பொன்விழா ஆண்டு. என் தம்பி 9-ம் எண் ஜெர்சி அணிந்து நான்கே ஆண்டுகள் ஆடினான். அதில் மூன்று ஆண்டுகள் கோப்பை எங்களிடம் வந்தது. 23 வயதில், ஓர் இறுதி ஆட்டத்தில் முட்டி லிகமென்ட் அறுந்தது. அரையிறுதியிலேயே முட்டி சற்று வீங்கியிருந்தது, பேண்டேஜ் கட்டி இறக்கினோம். அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு அவனால் பழையபடி ஆட முடியவில்லை. இப்போது ஒத்தக்கடையில் ஓர் உரக்கடையில் கணக்கு எழுதுகிறான். மைதானத்துப் பக்கம் வருவதில்லை. அப்பா இல்லாத வீட்டில் அவனை வளர்த்தவன் நான். அணிக்குப் பயிற்சி கொடுத்தவனும் நான்தான். 9-ம் எண்ணை இனி யாருக்கும் தராமல் ஓய்வளித்து, அந்த ஜெர்சியைச் சட்டமிட்டு மாட்ட வேண்டும் என்கிறேன். இருபது ஆண்டு ஆடியவர்கள் இருக்கும்போது நான்கு ஆண்டு ஆடியவனுக்கா என்று கமிட்டியில் எதிர்க்கிறார்கள். அவர்களுக்கு என்ன பதில் சொல்வது?

- ஓர் அண்ணன், தல்லாகுளம், மதுரை

பதில்: கமிட்டிக்குச் சொல்ல வேண்டிய பதில் எளிது. அதை முதலில் முடித்துவிடுகிறேன்.

எண்ணுக்கு ஓய்வு கொடுக்கும் வழக்கம் வேரூன்றிய அமெரிக்காவிலேயே ஆண்டுக் கணக்கை யாரும் அளவுகோலாக வைப்பதில்லை. பில் வால்டன் போர்ட்லாண்ட் அணிக்கு ஆடியது நான்கு சீசன், 209 ஆட்டங்கள். 1977-ல் அந்த அணிக்குச் சாம்பியன் பட்டம் வாங்கிக் கொடுத்தார். 1989-ல் அவருடைய 32-ம் எண்ணுக்கு ஓய்வளித்தார்கள். சீனாவின் யாவ் மிங் பாதக் காயங்களால் 30 வயதில் ஓய்வு பெற்றார். ஹூஸ்டன் அணி 2017-ல் அவருடைய 11-ம் எண்ணுக்கு ஓய்வளித்து அரங்கில் உயரே ஏற்றியது. அதே போர்ட்லாண்டில் பிராண்டன் ராய் என்று ஒருவர், மூன்று முறை ஆல்-ஸ்டார் எனும் நட்சத்திர ஆட்டத்துக்குத் தேர்வானவர், ஐந்தே சீசன் ஆடிவிட்டு முட்டி தேய்ந்து 2011 டிசம்பரில் ஓய்வை அறிவித்தார். அவருடைய 7-ம் எண்ணுக்கும் ஓய்வளிக்க வேண்டும் என்று வாதாடிய ரசிகர்கள் உண்டு. எண் பற்றாக்குறை என்று யாராவது சொன்னால் அதுவும் பழைய கதை. சர்வதேச விதிப்படி 4 முதல் 15 வரை பன்னிரண்டே எண்கள் இருந்த காலத்தில் ஒன்றைப் பூட்டி வைப்பது கஷ்டம். இப்போது 99 வரை போகலாம். ஆகவே உங்கள் தம்பிக்குத் தகுதி உண்டு. நான்கு ஆண்டில் மூன்று கோப்பை கொடுத்தவரிடம் இருபது ஆண்டுக் கணக்கு கேட்பது அற்பத்தனம்.

இனி உங்கள் கடிதத்துக்கு வருகிறேன். அதில் எல்லா இடத்திலும் 'நான்' இருக்கிறது. வளர்த்தவன் நான், பயிற்சி கொடுத்தவன் நான், ஓய்வளிக்க வேண்டும் என்கிறேன். நீங்கள் செய்ததைச் சொல்லும்போது ஒரே ஓர் இடத்தில்தான் பன்மை வருகிறது. "பேண்டேஜ் கட்டி இறக்கினோம்." யார் அந்த 'நாம்'? கமிட்டியா? கூட ஆடிய பையன்களா? வீங்கிய முட்டியைக் கண்ணால் பார்த்து, பேண்டேஜைச் சுற்றி, "போ" என்று சொன்னது பயிற்சியாளர். அந்தப் பயிற்சியாளர் நீங்கள்.

வெறும் பயிற்சியாளராக இருந்திருந்தால்கூடத் தம்பி மறுத்திருக்கலாம். "சார், வலிக்கிறது, இன்று முடியாது" என்று பெஞ்சில் உட்கார்ந்திருக்கலாம். சொன்னது அண்ணன். அதுவும் அப்பாவின் இடத்தில் நின்று சோறு போட்ட அண்ணன். அவரிடம் 23 வயதுப் பையன் எந்த வாயால் மறுப்பான்? கூடைப்பந்து முட்டியைத் தின்னும் ஆட்டம். ஓடிய வேகத்தில் நின்று, திரும்பி, எம்பி, ஒற்றைக் காலில் இறங்க வேண்டும். ஏற்கெனவே வீங்கிய முட்டியோடு அதைச் செய்யச் சொன்னீர்கள். அவர் செய்தார். அதை ஒரு கமாவுக்குப் பின்னால் மூன்று சொல்லில் கடந்துபோகிறீர்கள்.

எனக்கு வரும் கடிதங்களில் இந்த மூத்தவர்களை நிறையப் பார்த்துவிட்டேன். மகளின் படிப்பைப் பாதியில் நிறுத்திய அப்பா அவளுடைய கல்யாணத்துக்கு மண்டபத்தையே அதிரவைப்பார். தங்கையின் பங்கை எழுதி வாங்கிக்கொண்ட அண்ணன் அவள் பிள்ளையின் காதுகுத்துக்கு மேளதாளத்தோடு சீர் கொண்டுபோவார். வாய் திறந்து 'தப்பு செய்துவிட்டேன்' என்று சொல்வதைத் தவிர எல்லாச் செலவும் செய்வார்கள். சட்டமிட்ட ஜெர்சியும் அப்படி ஒரு சீராகிவிடும் என்பதே என் பயம். விழா மேடையில் கைதட்டல் கேட்கும்போது அவருடைய முட்டி வலி குறைந்துவிடுமா? வீட்டு மாடிப்படியில் அவர் ஏறும் ஓசை உங்களுக்குக் கேட்கும்தானே?

வால்டனின் கதையிலும் இது உண்டு. 1978-ல் பட்டத்துக்கான இறுதிக் கட்ட (பிளேஆஃப்) ஆட்டங்களின்போது வலி தெரியாமல் இருக்கப் பாதத்தில் ஊசி போட்டு அவரை ஆடவைத்தார்கள். பிறகு பார்த்தால் எலும்பு முறிந்திருந்தது. அடுத்த சீசன் முழுவதும் அவர் ஆடவில்லை. தனக்குச் செய்யப்பட்ட சிகிச்சையின் மேல் இருந்த கோபத்தில் அந்த அணியையே விட்டு வெளியேறினார். 32-ம் எண் ஏறியது அந்த ஊசிக்குப் பதினோர் ஆண்டு கழித்து.

நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியவர் இன்னொருவர், மாரிஸ் ஸ்டோக்ஸ். ராயல்ஸ் அணியில் மூன்றே சீசன் ஆடினார், முதல் இரண்டு ராச்செஸ்டரில், மூன்றாவது அணி சின்சினாட்டிக்கு இடம் மாறிய பிறகு. 1958 மார்ச் 12-ல் தலை தரையில் மோத விழுந்து நினைவிழந்தார். தெளியவைத்து மறுபடியும் ஆட்டத்துக்குள் அனுப்பினார்கள். மூன்று நாள் கழித்து இன்னோர் ஆட்டத்திலும் இறக்கினார்கள். அன்று திரும்பும் விமானத்தில் நோயுற்று விழுந்தார், உடல் செயலிழந்தது. அப்போது உடன் ஆடிய ஜாக் ட்வைமன், இரத்த உறவு எதுவும் இல்லாதவர், நீதிமன்றம் மூலம் அவருக்குச் சட்டப்படி பாதுகாவலர் ஆனார். மருத்துவச் செலவுக்காக நன்கொடை ஆட்டங்கள் நடத்தினார். ஸ்டோக்ஸ் 1970-ல் இறக்கும்வரை பன்னிரண்டு ஆண்டு பார்த்துக்கொண்டார். ராயல்ஸின் வழிவந்த சாக்ரமெண்டோ கிங்ஸ் அணி ஸ்டோக்ஸின் 12-ம் எண்ணையும் ட்வைமனின் 27-ம் எண்ணையும் யாருக்கும் கொடுப்பதில்லை. அந்த 12-ஐப் பார்க்கிறவர்களுக்கு 27-ம் நினைவுக்கு வரும். உடன்பிறக்காதவன் அவ்வளவு செய்தான். உடன்பிறந்த நீங்கள் ஒரே கூரையின் கீழோ ஒரே ஊரிலோ இருந்துகொண்டு, தம்பியிடம் கேட்காமல் கமிட்டியிடம் போயிருக்கிறீர்கள். கடிதத்தை மூன்றாம் முறையும் படித்துப் பார்த்தேன். எண்ணுக்கு ஓய்வு வேண்டும் என்று தம்பி சொன்னதாக ஒரு வரிகூட இல்லை.

அவருக்கு அது பிடிக்காமலும் போகலாம். நம் வழக்கத்தில் பாட்டன் பெயரை யாரும் பூட்டி வைப்பதில்லை. அடுத்த தலைமுறைப் பிள்ளைக்கு இடுகிறோம். பெயரைத் தாங்குவதால்தான் அவன் பேரன். 9-ம் எண்ணை ஒரு பதின்மூன்று வயதுச் சிறுவனின் முதுகில் பார்க்க அவருக்கு ஆசை இருக்கலாம். அல்லது அந்த எண்ணைக் கண்ணாலேயே பார்க்க வேண்டாம் என்றும் இருக்கலாம். எனக்குத் தெரியாது. உங்களுக்கும் தெரியாது, அதுதான் கொடுமை.

இந்த ஞாயிற்றுக்கிழமை கடை விடுமுறையாக இருக்கும். மைதானத்துக்கு அழைக்காதீர்கள், மனைவி மக்களைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளாதீர்கள். அவரைத் தனியாக உட்காரவைத்து, "அன்றைக்கு உன்னை நான் இறக்கினேன்" என்று ஒருமையில் சொல்லுங்கள். 'கோப்பைக்காக', 'எல்லோரும் கேட்டார்கள்' என்று எதையும் அதோடு ஒட்டாதீர்கள். அவர் கோபப்பட்டால் உட்கார்ந்து கேளுங்கள். எழுந்து போனால் போகவிடுங்கள், அடுத்த ஞாயிறும் சொல்லுங்கள். முட்டிக்கு இப்போது யாரிடம் காட்டுகிறார், செலவை யார் பார்க்கிறார் என்றும் விசாரியுங்கள். இனி அந்தச் செலவு உங்களுடையது.

எண்ணைப் பற்றி அதற்குப் பிறகு கேளுங்கள். மாட்டச் சொன்னால் கமிட்டியோடு சண்டை போட்டாவது மாட்டுங்கள். யாராவது பையனுக்குக் கொடு என்றால் அவர் கையாலேயே கொடுக்க அழையுங்கள். வேண்டாம் என்றால் பேச்சை விட்டுவிடுங்கள். பொன்விழா அழைப்பிதழை அதுவரை அச்சுக்குக் கொடுக்காதீர்கள்.