கேஎல்-6 இருக்கட்டும், ஹீமோகுளோபின் ஏன் குறைந்தது?

கேள்வி: அம்மாவுக்கு 63 வயது. எம்பிஓ ஆன்கா வாஸ்குலைட்டிஸ் (நோயெதிர்ப்பு தடம்மாறிச் சிறு ரத்தநாளங்களில் அழற்சி உண்டாக்கும் நோய்), நுரையீரலில் தழும்பும் உண்டு. இந்த நோயில் ரத்தத்தில் காணும் ஆன்கா என்ற எதிர்ப்புப் புரதத்தின் அளவு 40இலிருந்து 95 ஆகிவிட்டது, அழற்சியைக் காட்டும் இஎஸ்ஆர் 48. நுரையீரல் சேதத்தைக் காட்டும் என்று இணையத்தில் சொல்லும் கேஎல்-6 ரத்தச் சோதனையை எங்கள் ஊரில் செய்வதில்லை. நுரையீரல் கெடுவது தெரியாமலே போய்விடுமா? பயந்து ஸ்டீராய்டை 5 மி.கி.யிலிருந்து 20 ஆக்கிவிட்டேன். ஒரு வாரமாக மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறது. இரண்டு வாரத்தில் ஹீமோகுளோபின் 11.8இலிருந்து 9.4 ஆனதால் இரும்புச்சத்து மாத்திரை கொடுக்கிறேன்.

பதில்: நீங்கள் கடைசியில் எழுதியதுதான் முதலில் எழுத வேண்டியது. அம்மாவை இன்றே மருத்துவமனைக்கு அழைத்துப்போகச் சொல்லி உங்களுக்குத் தனியாகத் தகவல் அனுப்பச் சொல்லிவிட்டேன். இங்கே எழுதுவது இதே நோயுள்ள மற்றவர்களுக்காகவும்தான்.

இரும்புச்சத்துக் குறைவால் ஹீமோகுளோபின் இரண்டு வாரத்தில் இவ்வளவு இறங்காது. ஆன்கா நோயாளிக்கு மூச்சு வாங்குவதும் ரத்தம் குறைவதும் சேர்ந்து வந்தால், இல்லை என்று உறுதியாகும்வரை நுரையீரலுக்குள் ரத்தக்கசிவு என்றே நினைக்க வேண்டும். 'இருமலில் ரத்தம் வரவில்லையே' என்று ஆறுதல் அடையாதீர்கள். மெல்லிய நாளங்களிலிருந்து கசியும் ரத்தம் காற்றுப்பைகளிலேயே தங்கிவிடலாம். மூன்றில் ஒருவருக்கு வரை சளியில் ரத்தமே தெரிவதில்லை. மார்பு சி.டி., நடக்கும்போது ஆக்சிஜன் அளவு, மறுபடி ஹீமோகுளோபின், இவற்றோடு சிறுநீரில் சிவப்பணுவும் புரதமும், சிறுநீரகம் வேலை செய்வதைக் காட்டும் கிரியாட்டினினும் பார்க்க வேண்டும். இந்த நோய் நுரையீரலைத் தாக்கும்போது சிறுநீரகத்தையும் சேர்த்துத் தாக்குவது வழக்கம்.

ஆன்கா 95 ஆனதற்கு மட்டும் யாரும் மருந்தை மாற்றுவதில்லை. அளவு ஏறியும் நோய் திரும்பாதவர்கள் நிறையப் பேர். கொஞ்சம் நெருக்கமாகக் கவனிக்க வேண்டும், அவ்வளவுதான். இஎஸ்ஆர் 48க்கு வயதும் ரத்தசோகையுமே காரணமாக இருக்கலாம். அதை விடுங்கள்.

சரி, கேஎல்-6. காற்றுப்பையின் உட்சுவர் செல்கள் சேதமடையும்போது ரத்தத்தில் கூடும் புரதம் இது. ஜப்பானில் வழக்கமாகப் பார்க்கிறார்கள். 500 யூனிட்டுக்கு மேல் போனால் கவனிப்பார்கள். பயனுள்ள சோதனைதான். ஆனால் சேதம் எதனால் என்று அது சொல்லாது. தழும்பு கூடினாலும் ஏறும், நோயெதிர்ப்பு குறைந்தவர்களுக்கு வரும் நிமோசிஸ்டிஸ் என்ற பூஞ்சை நிமோனியா வந்தாலும் ஏறும். முதலாவதற்கு நோயெதிர்ப்பை அடக்கும் மருந்தைக் கூட்ட வேண்டியிருக்கலாம். இரண்டாவதற்குக் கிருமிக்கு மருந்து தராமல் அந்த அடக்கும் மருந்தைக் கூட்டினால் உயிருக்கே ஆபத்து. ஒரே ஒரு முறை எடுத்த எண்ணைவிட, அதே நபரின் பழைய எண்ணோடு ஒப்பிடுவதில்தான் பொருள் இருக்கிறது. உங்கள் ஊரில் அது கிடைக்காததால் அம்மாவுக்கு எந்த நஷ்டமும் இல்லை. தழும்பு கூடுகிறதா என்பதை நுரையீரல் செயல்திறன் சோதனையும், தேவைப்படும்போது எடுக்கும் எச்ஆர்சிடியும் (நுரையீரலை நுட்பமாகக் காட்டும் சி.டி.) நன்றாகவே காட்டிவிடும்.

ஸ்டீராய்டை நீங்களாக நான்கு மடங்கு ஆக்கியது எனக்குக் கோபத்தையே வரவழைக்கிறது. கசிவுதான் என்றால் 20 மி.கி. போதவே போதாது, தொற்று என்றால் அதுவே கெடுதல். அதற்காகப் பயந்து இப்போது திடீரென்று நிறுத்தவும் கூடாது. எந்தத் தேதியிலிருந்து எவ்வளவு கொடுத்தீர்கள் என்பதை ரூமட்டாலஜிஸ்டிடம் (இந்த நோயைப் பார்க்கும் சிறப்பு மருத்துவர்) மறைக்காமல் சொல்லுங்கள். பழைய சி.டி. படங்களையும் கடைசி இரண்டு ரத்த அறிக்கைகளையும் கையோடு எடுத்துப்போங்கள்.