கிளிங்கான்களின் வளைவாள் போருக்கு உதவுமா?

கேள்வி: 'ஸ்டார் ட்ரெக்' என்னும் அறிவியல் புனைகதைத் தொடர்களில், வேற்றுக்கிரக இனத்தவரான கிளிங்கான் வீரர்கள் இரு கைகளாலும் பிடித்துச் சுழற்றும் பாட்லெத் என்னும் வளைந்த வாள் உண்மையான சண்டைக்கு ஏற்றதா, அல்லது பார்ப்பவரை மிரட்டுவதற்காக மட்டும் உருவாக்கப்பட்டதா?

பதில்: மிரட்டுவது மட்டுமே நோக்கமாக இருந்திருந்தால் அதன் பிடிகள் இவ்வளவு பொருத்தமாக அமைந்திருக்கமாட்டா. 'தி நெக்ஸ்ட் ஜெனரேஷன்' தொடரின் நான்காம் பருவத்தில், 1990-ஆம் ஆண்டு ஒளிபரப்பான ஒரு கதையில், தன் மகனின் தாயைக் கொன்ற டுராஸ் என்பவனை, கிளிங்கான் வீரன் வோர்ஃப் இந்த வாளால் வீழ்த்துகிறான். பாட்லெத் திரையில் தோன்றியது அதுவே முதல்முறை. அதை வடிவமைத்த டான் கர்ரி, அத்தொடரின் காட்சி விளைவுகளைக் கவனித்தவர் என்பதோடு, ஆசியத் தற்காப்புக் கலைகளில் பயிற்சியும் உள்ளவர். அதனால்தான் தாய்ச்சி என்னும் சீனத் தற்காப்புக் கலையின் அசைவுகளை ஒத்த முறையில், கைகளோடு இடுப்பும் கால்களும் சேர்ந்து இயங்கும்படி அந்த ஆயுதம் கையாளப்படுகிறது.

பிறை போல் வளைந்த அலகின் வெளிப்புறத்தில் பிடிகளும், இரு முனைகளிலும் இரண்டிரண்டு கூர்களும் உள்ளன. இரு கைகளும் தள்ளித் தள்ளிப் பிடிப்பதால், எதிரியின் வெட்டைத் தடுக்கும்போது மணிக்கட்டு முறுகுவதில்லை. கூர்களுக்கு இடையில் எதிரியின் வாளைச் சிக்கவைத்துத் திருகி, அவன் கையிலிருந்தே பறித்துவிடவும் முடியும். நெருங்கி நின்று மோதும் சண்டையில் இவை பெரிய வசதிகள் என்றே நான் கருதுகிறேன்.

ஆயினும் அந்த அமைப்பே அதன் குறையும் ஆகிறது. இரு கைகளும் அலகோடு பிணைந்திருப்பதால் வீச்சு குறைகிறது. ஒரு கையில் நீண்ட வாள் ஏந்தி, ஓர் எட்டு முன்வைத்துக் குத்துபவன் எட்டும் தொலைவைப் பாட்லெத் வீரன் எட்ட இயலாது. 'டீப் ஸ்பேஸ் நைன்' தொடரில் ஒரு பாட்லெத்தின் நீளம் 116 செ.மீ., எடை 5.3 கிலோ என்று சொல்லப்படுகிறது. ஐரோப்பாவின் இருகை நீள்வாள்கள் பெரும்பாலும் 2 கிலோவுக்கும் குறைவானவை என்பதை நினைத்தால், மனிதர் எவரும் அதை நெடுநேரம் சுழற்றமுடியாது. கிளிங்கான்களின் உடல்வலிமையை வைத்துத்தான் அந்த எடையை ஏற்கவேண்டும்.

அவர்கள் அதைக் கைவிடாததற்குக் காரணம் போர்த்திறன் மட்டுமன்று. கிளிங்கான் பேரரசை நிறுவிய காலெஸ் தன் தலைமயிரை எரிமலைக் குழம்பில் தோய்த்து, ஏரியில் குளிரவைத்து, முறுக்கி முதல் வாளைச் செய்து, அதைக்கொண்டே கொடுங்கோலன் மோலாரைக் கொன்றான் என்பது அவர்களின் புராணம். அப்படிப்பட்ட வாளை வீச்சையும் எடையையும் மட்டும் வைத்து மதிப்பிடுவது நியாயமாகாது.

விண்கலத்தின் குறுகிய நடைவழியில் சண்டையிடவேண்டியிருந்தால், நான் பரிந்துரைப்பது ஒரு கைக்கு அடங்கும் மெக்லெத் என்னும் கிளிங்கான் குறுவாளைத்தான். அதையும் கர்ரியே வடிவமைத்தார். 1996-இல் வெளியான 'ஃபர்ஸ்ட் கான்டாக்ட்' திரைப்படத்தில், கலத்தின் வெளிப்புறத்தில் போர்க் என்னும் பாதி இயந்திர வேற்றுக்கிரகவாசிகளோடு மோதும் வோர்ஃபின் கையில் இருப்பது அதுவே.